பரிகாரம், பேக்கேஜ், பயம்: தாமிரபரணிக் கரைப் பக்தி வியாபாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பொருநைக்கரை

சாமி உண்டா இல்லையா என்கிற விவாதத்துக்கு இந்த இழை இல்லை. அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். இங்கே எடுத்துக்கொள்வது விலைச்சீட்டு ஒட்டிய பக்தியை மட்டும்தான்.

இப்போது நம்ம பக்கம் ஓடுகிற வியாபாரத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஜாதகம் வாங்குகிறார்கள். இலவசப் பலன் சொல்கிறார்கள். அதில் கண்டிப்பாக ஒரு தோஷம் இருக்கும். அடுத்து ஒரு கெடு: "வர்ற அமாவாசைக்குள்ள செய்யணும்". அதற்குப் பிறகுதான் தொகை வரும். அந்தத் தொகைக்குள் பாபநாசக் குளியல், நவகயிலாயச் சுற்று, ஹோமம், மோதிரக் கல், ரசமணி (பாதரசத்தைக் கட்டிச் செய்ததாகச் சொல்லும் மணி), வலம்புரிச் சங்கு எல்லாம் ஒரே பொட்டலமாக இருக்கும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

அதைத்தான் இங்கே பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் உண்மையில் என்ன, வீட்டிலேயே சோதிக்க முடியுமா, எங்கே ஏமாற்று நுழைகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தனிமனிதர் பெயர் வேண்டாம். கும்பிடுகிறவர்களைக் கேலி செய்யவும் வேண்டாம்.

நவகயிலாயம்_ரூட்

அண்ணாச்சி, முதல்ல நவகயிலாயத்தை எடுத்துக்கிடுவோம். ஆத்தங்கரையில 9 சிவன் கோயில், ஒவ்வொண்ணும் ஒரு கிரகத்துக்குன்னு சொல்லுவாவ. பாபநாசம் சூரியன், சேரன்மகாதேவி சந்திரன், கோடகநல்லூர் செவ்வாய், குன்னத்தூர் ராகு, முறப்பநாடு குரு, ஸ்ரீவைகுண்டம் சனி, தென்திருப்பேரை புதன், ராஜபதி கேது, சேர்ந்தபூமங்கலம் சுக்கிரன். மேற்கே மலையடிவாரத்துல தொடங்கி புன்னைக்காயல் பக்கம் வரைக்கும், ஒரு வழிக்கே 100 கிலோமீட்டருக்கு மேல. தலபுராணப்படி உரோமச முனிவர் ஆத்துல விட்ட 9 தாமரையும் ஒதுங்கின இடங்கள் இவை. உரோமசர் கேட்டது முக்தி. இன்ன கிரகத்துக்கு இன்ன தொகைன்னு அந்தக் கதையில எங்கயும் கிடையாது.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகள்ல அரசுப் போக்குவரத்துக் கழகமே திருநெல்வேலியிலிருந்து தனி பஸ் விடுது. டிக்கெட்டுக் காசும், கோயில்ல ரசீது போட்டு அர்ச்சனையும்தான் செலவு. வேன்ல குடும்பமா போனா வாடகையும் சாப்பாடும் கூடும், அவ்வளவுதான்.

ஏமாற்று எங்கன்னா, "ஒரே நாள்ல 9 கோயில்லயும் உங்க பேருக்கு அபிஷேகம்" என்கிற வாக்குல. கணக்குப் பாருங்க. ஓட்டம் மட்டுமே 4 மணி நேரம் பக்கம் ஆகும். தரிசனத்துக்குக் கோயிலுக்கு 20 நிமிஷம்னாலும் 3 மணி நேரம். மத்தியானம் 12 வாக்குல நடை சாத்தினா சாயங்காலம்தான் திறப்பாவ. ஒரு முறையான அபிஷேகம் அலங்காரத்தோட முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. 9 இடத்துக்கும் கூட்டினா ஒரே பகலுக்குள்ள அடங்கவே அடங்காது. ஆக நடக்கிறது தரிசனம் மட்டும். வாங்கினது அபிஷேகக் காசு. ஒவ்வொரு கோயில் ரசீதையும் தேதியோட கேளுங்க. 9 ரசீது வராது.

மதகடி

பாபநாசத்தில் துணி விடுகிற வழக்கத்தைப் பற்றி. குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் கழியும் என்கிறார்கள். துணி போய்ச் சேருவது கடலில் இல்லை. பாறை இடுக்கிலும் மரவேரிலும் மதகுக் கம்பியிலும்தான் சுற்றிக்கொள்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டு இருக்கிறது இந்த ஆற்றில். ஒவ்வொன்றும் மிதந்து வருவதைத் தடுத்து நிறுத்துகிற இடம்.

அந்தக் காலத்தில் விட்டது பருத்தி வேட்டி; மட்கிவிடும். இப்போது விடுவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். மட்கவே மட்காது, நூல்நூலாகப் பிரிந்து நுண்பிளாஸ்டிக்காகத் தண்ணீரில் கலக்கும். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்று தண்ணீருக்கடியில் பாறையில் மாட்டிக் கிடந்தால், அடுத்துக் குளிக்க இறங்குகிறவர் காலைப் பிடித்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கஷ்டம். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் எடுப்பது இதே ஆற்றுத் தண்ணீரைத்தான்.

தர்ப்பணத்துக்கு வேண்டியது எள், தர்ப்பை, பச்சரிசி மாவு, தண்ணீர். இதில் ஆறு தாங்காத பொருள் எதுவும் இல்லை. துணி கழிக்கிற பரிகாரம், படித்துறையில் விற்கிற "பரிகாரத் துணி செட்", கழித்த துணியை அள்ளித் துவைத்து மறுபடி விற்பது, இவையெல்லாம் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிற வியாபாரம்.

முக்கூடல்_தம்பி

ஊர்ச் சாக்கடை முழுசும் ஆத்துலதான் கலக்குது. அதைக் கேக்காம பக்தன் விடுற ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நியாயமா?

மதகடி

தம்பி, சாக்கடையும் குற்றம்தான். அது உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை, வழக்குப் போட்டுக் கேட்க வேண்டிய விஷயம். துணியை நாளைக்கே நிறுத்தலாம். அதற்கு டெண்டர் வேண்டாம், அரசாணை வேண்டாம். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கும் இதையேதான் சொல்கிறேன். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு வருகிற ஒவ்வொரு பாலிதீன் பையும் ஏதாவது ஒரு மிளா மான் வயிற்றுக்குள் போகும்.

ரத்தினச்_சோதனை

மோதிரக் கல்லுக்கு வருகிறேன். மாணிக்கம், புஷ்பராகம், நீலம் மூன்றும் ஒரே இனம்: அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கத்தின் சிவப்புக்குக் காரணம் அதில் கலந்த சிறிதளவு குரோமியம். 1902-லேயே வெர்னூயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை உலையில் உருக்கி வளர்க்கும் முறையை அறிவித்துவிட்டார். இன்று செயற்கை மாணிக்கம் மலிவு. "இயற்கைக் கல்லில்தான் கிரக சக்தி" என்று விற்கிறவரிடம், இரண்டும் ஒரே பொருள், ஒரே படிக அமைப்பு, பிறகு சக்தி எங்கே வேறுபடுகிறது என்று கேளுங்கள்.

கண்ணாடியா கல்லா என்று பார்க்க ஒரு வழி. 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு வேண்டும். மோதிரத்தில் பதிக்காத கல்லாக இருக்க வேண்டும். 5 காரட் என்றால் 1 கிராம். ஒரு சிறு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 1 கிராம் மாணிக்கத்துக்குத் தராசு 0.25 காட்டும். சாதாரணக் கண்ணாடிக்கு 0.40 பக்கம் காட்டும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கூடிவிடும். தட்டி விட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையும் தெரிய வேண்டும். செயற்கை மாணிக்கத்தை இது பிரிக்காது, அடர்த்தி ஒன்றே. மரகதத்துக்கும் உதவாது, கண்ணாடியின் அடர்த்தியும் அதன் அடர்த்தியும் நெருக்கம். விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும் இதில் தப்பிவிடும். அந்தக் கல்லில் எலுமிச்சைச் சாறு பட்டால் நிரப்பிய கண்ணாடி அரிக்கப்பட்டு வெள்ளைக் கோடுகள் தெரியும். நகைக்கடைத் தட்டில் அதைச் சோதிக்காதீர்கள், கல் பாழாகும். வாங்குமுன் ஆய்வகச் சான்று கேளுங்கள். "செயற்கை", "நிரப்பியது" என்ற சொற்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பரிகாரப் பொட்டலத்தில் வருகிற கல்லுக்குச் சான்றும் இராது, பில்லும் இராது.

தூத்துக்குடிச்_சங்கு

வலம்புரிக்கு நான் சொல்லுதேன். நம்ம மன்னார் வளைகுடாச் சங்குல கிட்டத்தட்ட எல்லாமே இடம்புரி. வலம்புரி அபூர்வம்ங்கிறது நிசம். அதனாலதான் போலி அதிகம். கூம்பு நுனி மேலேயும் வாய் உங்களைப் பாத்தும் இருக்கிறாப்புல பிடிங்க. சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம். வலம்புரிக்கு இடப்பக்கம்.

இதை மட்டும் வச்சு வாங்கிராதீங்க. அமெரிக்கக் கடல்ல ஒரு வகைச் சங்கு இருக்கு, அதுக்கு இயல்பிலேயே வாய் இடப்பக்கம்தான். கூடை கூடையா இறக்குமதியாகி "வலம்புரி"ன்னு விலை போகுது. பிரிச்சுப் பாக்கிற வழி வாய்க்குள்ள இருக்கு. டார்ச் அடிச்சு நடுத்தண்டைப் பாருங்க. நம்ம சங்குல 3, 4 மடிப்பு வரிசையா விரலுக்குத் தட்டுப்படும். அந்த அமெரிக்கச் சங்குல மடிப்பு கிடையாது, வழவழன்னு இருக்கும். ஓடும் மெலிசு.

"காதுல வச்சா ஓம் கேக்குது"ன்னு விப்பாவ. எந்தச் சங்குலயும் கேக்கும். சுத்தி இருக்கிற சத்தம் உள்ளே எதிரொலிச்சு வாரது. அதே மாதிரி ருத்ராட்சத்தைத் தண்ணியில போட்டா முங்குதா பாக்கிறது, ரெண்டு செப்புக் காசுக்கு நடுவுல வச்சா சுத்துதா பாக்கிறது, ரெண்டுக்கும் அர்த்தமே இல்ல. விரல் அழுத்தம் சமமா இல்லேன்னா எந்தக் கொட்டையும் சுத்தும். முகத்தை ஒட்டவச்ச போலின்னு சந்தேகம் இருந்தா அரை மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போடுங்க, பசை விட்டுரும்.

பாளை_வேதியியல்

ரசமணி பற்றி அவசரமாக ஒன்று. பாதரசம் உறைவது பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரியில். அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் மணி தனிப் பாதரசமாக இருக்க முடியாது. வெள்ளீயம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் போன்ற ஏதாவது ஒன்றோடு கலந்த ரசக்கலவை, அல்லது வெறும் ஈயம். இதைப் பாலில் இரவெல்லாம் ஊறப்போட்டுக் காலையில் குடிக்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாதரசமும் ஈயமும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். மணி உடைந்து ரசம் சிந்தினால் விளக்குமாறு போடக்கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருட்டிச் சேர்த்து, தண்ணீர் ஊற்றிய போத்தலில் இறுக மூடிவையுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

அடுத்து "அதிசயங்கள்". பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்து காட்டக்கூடியவை இவை.

எலுமிச்சை ரத்தம்: கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவிட்டால் யாருக்கும் தெரியாது. அதால் எலுமிச்சையை அறுத்தால் சாறு சிவக்கும். பூவின் சாயம் அமிலத்தில் சிவப்பாகும். செய்வினை எடுக்கிறவர் கத்தி அவருடையதாகவே இருக்கும், கவனியுங்கள். உங்கள் வீட்டு அரிவாள்மனையில் அறுக்கச் சொல்லுங்கள்.

பொம்மையில் ரத்தக்கறை: மஞ்சள் தடவிய துணிமேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தால் சிவக்கும். நம் வீட்டு ஆரத்தித் தட்டே இதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, மந்திரவாதி கையில் போனதும் பில்லிசூனியம் ஆகிவிடுகிறது.

தானாகப் பற்றும் யாகம்: குண்டத்தில் பொடித்த பெர்மாங்கனேட்டை முன்பே போட்டுவைத்து, "நெய்" என்று கிளிசரின் ஊற்றுவார்கள். சற்று நேரத்தில் புகைந்து தீப்பிடிக்கும். பொடி கரகரப்பாக இருந்தாலோ குளிர்காலமாக இருந்தாலோ தாமதமாகும். அந்த இடைவெளியை மந்திரம் நிரப்பும். ஆய்வகத்தில் கால் தேக்கரண்டிப் பொடி, சில சொட்டுக் கிளிசரின் போதும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

படத்திலிருந்து விபூதி கொட்டுவது: அலுமினியச் சட்டத்தில் பாதரச உப்பைத் தடவினால் சாம்பல்போலப் பூத்துக் கொட்டும். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம், அந்த உப்பு கொடிய விஷம். அப்படிக் கொட்டிய "விபூதி"யை நெற்றியிலோ நாக்கிலோ வைக்கவும் வேண்டாம்.

1995 செப்டம்பர் 21-இல் பிள்ளையார் பால் குடித்ததாக நாடே வரிசையில் நின்றது. விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து பார்த்தார்கள். கரண்டியிலிருந்து பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே போனது தெரிந்தது. பரப்பு இழுவிசை, அவ்வளவே. எந்த அதிசயத்தையும் இந்த வழியில்தான் அணுக வேண்டும்: நிறம் கலந்து பார், கத்தியை மாற்று, பொருளை நீயே கொண்டு போ.

கோமரத்தாடி_பேரன்

அண்ணாச்சிமாரே, ஒண்ணு சொல்லணும். இதையெல்லாம் படிக்கிற டவுன் ஆளுங்க நம்ம சுடலை கோயில் கொடைத் திருவிழாவையும் இதே கணக்குல சேத்துருவாவ. கொடை வியாபாரமில்ல. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு ஊர்கூடி வரி போடுதோம். கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக்கொடைன்னு எல்லாத்துக்கும் முறை இருக்கு. வில்லுப்பாட்டுக்காரவங்களுக்கும் மகுடம் அடிக்கிற கணியானுக்கும் மேளத்துக்கும் அந்தக் காசு போகுது. அவங்க பிழைப்பு அது. சாமியாடுத கோமரத்தாடி திருநீறு போட்டு வாக்குச் சொல்லுததுக்கு விலை கிடையாது.

அதுக்குள்ளயும் வியாபாரம் நுழையுது, மறைக்கல. பேனரும் சவுண்டு செட்டும் ஆர்க்கெஸ்ட்ராவும் வருசா வருசம் வரியை ஏத்துது. வட்டிக்கு வாங்கி வரி கட்டுத வீடு இருக்கு. இதுக்கு மருந்து கணக்குப் பலகைதான். கொடை முடிஞ்ச மறு செவ்வாய்க்குள்ள வரவு, செலவு, மிச்சம் மூணையும் கோயில் சுவத்துல ஒட்டணும். வில்லு, மகுடம், மேளம், பந்தல், லைட், பூ, ஆடு, சாப்பாடு தனித்தனியா எழுதணும், "இதரம்"னு ஒரு வரி வரவே கூடாது. பில் எல்லாம் ஒரு கோப்புல இருக்கணும். பேனருக்கும் ஆட்டத்துக்கும் வரிக்காசைத் தொடாம, இஷ்டப்பட்டவங்க கிட்ட தனியா நன்கொடை வாங்கணும். விதவை வீட்டுக்கும் வேலை இல்லாத வீட்டுக்கும் வரி தள்ளுபடின்னு கூட்டத்துலயே எழுதிருங்க, அவங்க வந்து கேக்கிற நிலைமை வைக்காதீங்க.

எனக்கு நெஞ்சு எரியுத வியாபாரம் வேற. "குலதெய்வம் தெரியலையா, பிரசன்னம் பாத்துக் கண்டுபிடிச்சுத் தாரோம்"னு ஆயிரக்கணக்குல வாங்குதாவ. மெட்ராஸ், பம்பாய் போயி ரெண்டு தலைமுறை ஆன குடும்பங்கதான் சிக்குது. காசு இல்லாமத் தேடுத வழி இருக்கு. தாத்தா, அவருக்கு அப்பா பேரு, பூர்வீக ஊரு மூணையும் எழுதுங்க. வீட்டுல பழைய பத்திரம், பட்டா, கல்யாணப் பத்திரிகை இருந்தாப் பாருங்க. பத்திரிகைத் தலைப்புல "இன்ன சாஸ்தா துணை"ன்னு போட்டிருப்பாவ. முதல் மொட்டை எங்க போட்டாங்கன்னு கிழவிமாரைக் கேளுங்க, ஆம்பிளைங்களை விட அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பங்காளி வீடு ஒண்ணு கிடைச்சாப் போதும், பங்குனி உத்திரத்துக்கு அவங்க எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போறாங்களோ அதான் உங்க கோயிலும். அங்க டிக்கெட் கிடையாது. அரிசியும் வெல்லமும் கொண்டுபோயி நீங்களே பொங்கல் வைக்கலாம்.

டோனாவூர்_சாலை

இந்துக் கோயில்களைப் பற்றி மட்டும் பேசினால் இழை நேர்மையாக இருக்காது. எங்கள் பக்கத்தில் சுகமளிக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. ஜெபம் இலவசம். ஜெப எண்ணெய், "விதைப்புக் காணிக்கை", மாதப் பங்காளர் திட்டம் எல்லாவற்றுக்கும் கட்டணம். நூறு விதைத்தால் ஆயிரம் அறுப்பாய் என்று மேடையில் சொல்வது வட்டிக் கடைப் பேச்சு, சுவிசேஷம் இல்லை.

காசு போவதைவிடக் கொடியது மாத்திரையை நிறுத்தச் சொல்வது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிரே போகலாம். முதல் வகைச் சர்க்கரை நோய்க் குழந்தைக்கு இன்சுலின் நின்றால் சில நாளிலேயே ரத்தம் அமிலமாகி மயங்கும். காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதச் சிகிச்சை. இருமல் நின்றதும் "சுகம்" என்று சாட்சி சொல்லி மருந்தை விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரும், வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். ஜெபம் வேண்டுமா, செய்யுங்கள். மாத்திரைப் பெட்டி கையிலேயே இருக்கட்டும்.

ஏர்வாடி_நினைவு

டோனாவூர் அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி நடந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் பிணைத்திருந்ததால் ஓட முடியவில்லை. (நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) தர்காவுக்கு வந்த குடும்பங்களின் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, மாதக் கட்டணம் வாங்கிப் பூட்டிவைத்த தொழில் அது. இன்று அதே ஏர்வாடியில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கிற அரசுத் திட்டம் நடக்கிறது. தர்காவுக்குப் போகிறவர் போகலாம், மருத்துவரும் அங்கேயே இருக்கிறார்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. பேய் என்று யாரையாவது கட்டிவைத்திருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். மனநல ஆலோசனைக்கு 14416, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

ரசீது_எங்கே

சட்டப் பக்கம் சுருக்கமாக. மகாராஷ்டிரம் 2013-லும் கர்நாடகம் 2017-லும் மூடநம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் கையில் ஆயுதம் இருக்கிறது.

1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. போஸ்டரையும் யூடியூப் திரையையும் தேதியோடு படம் எடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கல், சங்கு, யந்திரத் தகடு மாதிரிப் பொருள் வாங்கி ஏமாந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பொருளுக்கு இது நேராக வேலை செய்யும். "பூஜை பலிக்கவில்லை" என்ற வழக்கு நிற்பது கடினம், அதனால் புகாரில் பொருளையும் விளம்பர வாக்கையும் முன்னே வையுங்கள். 2024 ஜனவரியில் அயோத்திப் பிரசாதம் என்ற பெயரில் சாதாரண இனிப்பு விற்கப்பட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பக்திப் பொருள் என்பதால் விலக்கு எதுவும் கிடையாது.

அறநிலையத் துறைக் கோயில் என்றால் கணினி ரசீது கேளுங்கள். மொட்டைக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் செயல் அலுவலரிடம் சொல்லுங்கள். திருச்செந்தூரில் "சீக்கிரம் உள்ளே கூட்டிப்போறேன்" என்கிறவருக்குக் கொடுக்கிற காசு கோயிலுக்குப் போவதில்லை.

முக்கூடல்_தம்பி

கோயில் வாசல்ல க்யூஆர் ஒட்டியிருந்தா அது கோயிலோடதா, எவனோ ஒட்டினதான்னு எப்படித் தெரியும்?

ரசீது_எங்கே

ஸ்கேன் செய்ததும் பின் நம்பர் போடுவதற்கு முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். கோயில் பெயரோ செயல் அலுவலர் பெயரோ இருக்க வேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் உண்டியல் இருக்கிறது. அதைச் சீல் உடைத்து அதிகாரிகள் முன்னிலையில்தான் எண்ணுவார்கள்.

சிவந்திப்பட்டி_மதினி

ஒரு கேள்வி. பொட்டலத்துக்குப் பாதிப் பணம் அனுப்பியாச்சு. மீதி கட்டலேன்னா தோஷம் இரட்டிப்பாகும், பிள்ளைக்கு ஆகாதுன்னு போன்ல மிரட்டுதாவ. வீட்டுல வயசானவங்க பயந்து சாப்பிடாம இருக்காங்கன்னா என்ன செய்ய?

பொருநைக்கரை

மதினி, மீதியைக் கட்ட வேண்டாம். மிரட்டல் வந்த எண், வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ பரிவர்த்தனை எண் மூன்றையும் படம் எடுத்து வைக்கட்டும். எதையும் அழிக்கக் கூடாது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அனுப்பிச் சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வாய்ப்பு அதிகம். நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம். ஏமாற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. அந்த எண்ணைப் பிறகு முடக்கிவிடுங்கள், வேறு எண்ணில் வந்தாலும் எடுக்க வேண்டாம்.

பெரியவங்களிடம் தோஷமே பொய் என்று அந்த நேரத்தில் வாதாட வேண்டாம், பயம் கூடும். அவங்க வழக்கமாகக் கும்பிடுகிற கோயிலுக்குக் கூட்டிப்போய், அவங்க கையாலேயே பிள்ளை பெயருக்கு ஓர் அர்ச்சனை ரசீது போடச் சொல்லுங்க. குருக்களிடமே "மீதி கட்டலேன்னா பிள்ளைக்கு ஆகாதா சாமி" என்று கேட்கவிடுங்க. நம்ம பக்கத்துக் குருக்கள்மார் பெரும்பாலும் சொல்கிற பதில் அவங்களைச் சாப்பிட வைக்கும். புகார் எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்க, அடுத்துக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய மனுவை நம்ம ரசீது அண்ணாச்சி எழுதித் தருவார்.